வட்காம் சட்டமன்ற உறுப்பினர் ஜிக்னேஷ் மேவானி: முதல் ஐந்தாண்டுப் பணியும் 2022 மறுதேர்தலும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குஜராத்தின் ஒரு தொகுதியைப் பற்றித் தமிழில் ஏன் எழுத வேண்டும்?

ஆளுங்கட்சியைச் சேராத, பணபலம் இல்லாத, முற்போக்கு அரசியல் பேசுகிற ஒருவர் சட்டமன்ற உறுப்பினராகி விட்டால் அவரால் உண்மையில் என்ன செய்ய முடியும் என்ற கேள்வி எல்லா மாநிலங்களுக்கும் பொதுவானது. அந்தக் கேள்விக்கு விடை தேட வட்காம் மிகவும் ஏற்ற தொகுதி. 2017 டிசம்பரில் சுயேச்சையாக வென்ற ஜிக்னேஷ் மேவானி, 2022 டிசம்பரில் அதே மக்களிடம் மீண்டும் வாக்குக் கேட்டார். எதிர்க்கட்சிகள் பெரும்பாலும் துடைத்தெறியப்பட்ட அந்தத் தேர்தலிலும் வென்றார். இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் அவர் எதைச் செய்தார், எது கைகூடவில்லை, மறுபடியும் வந்தபோது எதை முன்வைத்தார் என்பதை நண்பர்கள் பலர் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்விகளுக்கான பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். நிலவுரிமைப் போராட்டத்தின் பக்கம் நிற்பவன் நான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதனாலேயே குறைகளையும் மறைக்காமல் எழுத வேண்டிய கடமை எனக்கு உண்டு.

மேவானி யார்? எந்த வழியில் அரசியலுக்கு வந்தார்?

மேவானி 1980 டிசம்பர் 11 அன்று அகமதாபாத்தில் பிறந்தவர். குடும்பத்தின் பூர்வீகம் மெஹ்சானா மாவட்டத்தின் மேவு கிராமம். ஆங்கில இலக்கியம் படித்தார். மும்பையில் ஒரு குஜராத்தி வார இதழில் சில ஆண்டுகள் செய்தியாளராக இருந்தார். பிறகு அகமதாபாத் திரும்பி, தொழிலாளர்களுக்காகவும் 2002 கலவரத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்காகவும் வாதாடிய வழக்கறிஞர் முகுல் சின்ஹாவின் ஜன் சங்கர்ஷ் மஞ்ச் அமைப்பில் சேர்ந்தார். சட்டப் பட்டமும் அந்தக் காலத்தில் பெற்றதுதான். நிலச் சீர்திருத்தச் சட்டங்களின்கீழ் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட நிலங்கள் எங்கே போயின என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியாகக் கேட்டுக் கேட்டு ஆவணங்களைச் சேர்த்ததும் அப்போதுதான்.

நாடு முழுவதும் அவர் பெயர் தெரிய வந்தது 2016இல். அந்த ஆண்டு ஜூலை 11 அன்று கிர் சோம்நாத் மாவட்டத்தின் உனா அருகிலுள்ள மோட்டா சமாதியாலா கிராமத்தில், செத்த மாட்டின் தோலை உரித்துக்கொண்டிருந்த தலித் குடும்பத்தினரைப் பசுப் பாதுகாவலர்கள் என்று சொல்லிக்கொண்ட கும்பல் அடித்தது. உனா நகரத்துக்குக் கொண்டுவந்து வண்டியில் கட்டிவைத்தும் அடித்தது. அந்தக் காட்சி கைபேசிகளில் பரவியது. ஆகஸ்ட் 5 அன்று அகமதாபாத்திலிருந்து புறப்பட்ட நடைப்பயணம் ஆகஸ்ட் 15 அன்று உனாவை அடைந்தது. செத்த மாட்டைத் தொட மாட்டோம் என்று அங்கே ஆயிரக்கணக்கானோர் உறுதி எடுத்தார்கள். "மாட்டின் வாலை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், எங்கள் நிலத்தை எங்களுக்குக் கொடுங்கள்" என்ற பொருள் தரும் குஜராத்தி முழக்கமும், நிலமற்ற ஒவ்வொரு தலித் குடும்பத்துக்கும் 5 ஏக்கர் என்ற கோரிக்கையும் அந்தப் பயணத்தில் பிறந்தவை. சாதி திணித்த தொழிலை விட்டுவிடச் சொன்னால் மறுநாள் அடுப்பு எரிய வேறு வழி வேண்டும் அல்லவா? அந்த வழியாகத்தான் நிலம் கேட்கப்பட்டது. மேவானியின் பிற்கால நடவடிக்கைகள் அனைத்தையும் இந்த ஒரு கோரிக்கையோடு சேர்த்தே படிக்க வேண்டும் என்பது என் கருத்து.

2017இல் கட்சி இல்லாமல் எப்படி வென்றார்?

வட்காம் பனாஸ்காண்டா மாவட்டத்தில் உள்ள பட்டியல் சாதியினருக்கான தனித் தொகுதி. மக்களவைக்குப் பாட்டன் தொகுதியைச் சேர்ந்தது. தலித், முஸ்லிம் வாக்காளர்கள் கணிசமாக வாழ்கிற, நெடுங்காலமாகக் காங்கிரஸுக்குச் செல்வாக்குள்ள பகுதி. 2012இல் இங்கே வென்ற காங்கிரஸின் மணிலால் வாகேலாவை அக்கட்சி 2017இல் இடர் தொகுதிக்கு மாற்றிவிட்டு, வட்காமில் வேட்பாளரை நிறுத்தாமல் மேவானியை ஆதரித்தது. ஆம் ஆத்மி கட்சியும் ஒதுங்கிக்கொண்டது. தையல் இயந்திரச் சின்னத்தில் நின்ற மேவானி 95,497 வாக்குகள் பெற்று, பாரதிய ஜனதாவின் விஜய் சக்ரவர்த்தியை 19,696 வாக்குகளில் தோற்கடித்தார். தேர்தல் செலவுக்குப் பொதுமக்களிடம் இணையம் வழியாக நிதி திரட்டினார்.

இந்த வெற்றி அவருடைய தனிச் செல்வாக்கால் மட்டும் வந்ததாகச் சொல்வது சரியாகாது. போட்டியிலிருந்து ஒரு பெரிய கட்சி விலகி வழிவிட்டிருக்கிறது. 2022இல் கிடைத்த வாக்கு வித்தியாசத்தை மதிப்பிடும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

182 பேர் உள்ள அவையில் ஒரு சுயேச்சை உறுப்பினர் என்னதான் செய்துவிட முடியும்?

சட்டம் இயற்ற முடியாது என்பதுதான் நேர்மையான பதில். நம் மாநிலச் சட்டமன்றங்களில் அரசு கொண்டுவரும் மசோதாக்களே பெரும்பாலும் சட்டமாகின்றன; தனிநபர் மசோதாக்கள் பேச்சளவில் நின்றுவிடுகின்றன. ஆகவே "எத்தனை சட்டம் கொண்டுவந்தார்" என்ற அளவுகோல் எதிர்வரிசையில் இருப்பவருக்குப் பொருந்தாது.

அவர் கையில் வேறு சில கருவிகள் இருக்கின்றன. அவையில் கேள்வி கேட்டு அமைச்சரிடமிருந்து எழுத்தில் பதில் வாங்கலாம். அந்தப் பதில் பிறகு நீதிமன்றத்திலும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் பயன்படும். தொகுதி மேம்பாட்டு நிதி உண்டு. வன்கொடுமைத் தடுப்புச் சட்ட விதிகளின்படி முதல்வர் தலைமையிலான கண்காணிப்புக் குழு ஆண்டுக்கு இரண்டு முறையாவது கூடியாக வேண்டும். கூட்டினீர்களா என்று கேட்கலாம். இவற்றையெல்லாம் விட, கிராமத்தில் ஒருவரை அடித்துவிட்டார்கள் என்றால் காவல் நிலையத்துக்கு அவர் நேரில் போகலாம். சாதாரண வழக்கறிஞராகப் போனால் வெளியில் காத்திருக்க வைக்கும் அதிகாரி, சட்டமன்ற உறுப்பினர் வந்தால் எழுந்து நாற்காலி போடுகிறார். அந்த நாற்காலியைத் தன்னுடன் வந்தவருக்கும் வாங்கித் தருவதையே மேவானி தன் பதவியின் முதல் பயனாகக் கருதினார் என்று அவருடைய நடவடிக்கைகளைத் தொடர்ந்து கவனித்தவன் என்ற முறையில் சொல்வேன்.

நிலம் பற்றிய அவருடைய முதன்மைக் கோரிக்கை எவ்வளவு தூரம் நிறைவேறியது?

இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

குஜராத்தில் 1960ஆம் ஆண்டின் விவசாய நில உச்சவரம்புச் சட்டத்தின்கீழ் எடுக்கப்பட்ட உபரி நிலமும், அரசுப் புறம்போக்கு நிலமும் நிலமற்ற ஏழைகளுக்கு ஒதுக்கப்பட்டன. இப்படி ஒதுக்கப்படும் அரசு நிலத்தை அங்கே சாந்தணி நிலம் என்பார்கள். ஒரு குடும்பத்தின் கையில் இருக்கும் காகிதங்களைப் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும்: வட்டாட்சியரின் ஒதுக்கீட்டு உத்தரவு, அதில் சர்வே எண், பரப்பு, முத்திரை. நம் ஊர்ச் சிட்டா, அடங்கல் போல அங்கே 'சாத்-பார்' என்று வழங்கும் 7/12 ஆவணத்திலும் பெயர் ஏறியிருக்கும். ஆனால் அந்த வயலுக்குப் போனால் வேறொருவருடைய ஆமணக்கு நிற்கும். அளந்து கல் நட்டுக் கொடுக்க நில அளவையர் வரவே மாட்டார்; வந்தாலும் ஊரில் ஆதிக்கமுள்ளவர்கள் தடுப்பார்கள்; பாதுகாப்புக்குக் காவலர்களை அனுப்பக் காவல்துறைக்கு நேரம் இருக்காது. தாத்தா பெயரில் வந்த உத்தரவைப் பேரன் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கும் நிலை இப்படித்தான் உருவாகிறது. பஞ்சமி நிலம் பற்றி அறிந்த தமிழ் வாசகருக்கு இந்தக் கதையின் வடிவம் பழக்கமானதுதான்.

மேவானி இதில் எடுத்த நிலைப்பாடு குறிப்பிடத்தக்கது. புதிதாக நிலம் கொடுங்கள் என்று கேட்பதற்கு முன்னால், ஏற்கெனவே கொடுத்துவிட்டதாக அரசே கணக்குக் காட்டும் நிலத்தை உரியவர் கையில் ஒப்படையுங்கள் என்று அவர் கேட்டார். இதற்கு அரசால் கொள்கை அடிப்படையில் மறுப்புச் சொல்ல முடியாது, ஏனென்றால் உத்தரவு அரசுடையது. 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது. பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட நிலத்தை இன்னொருவர் அனுபவிப்பதும், அவர்களை அங்கிருந்து அப்புறப்படுத்துவதும் அச்சட்டத்தின் 3ஆம் பிரிவின்கீழ் குற்றங்கள். தன் கடமையைச் செய்யாத அரசு ஊழியர் மீது 4ஆம் பிரிவு பாய்கிறது.

இந்தக் கோரிக்கைக்காக உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு, மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் முற்றுகை, கட்ச் மாவட்டத்தின் ராபர் வட்டாரத்தில் தொடர் போராட்டம் என்று பல வழிகளில் அவருடைய ராஷ்ட்ரிய தலித் அதிகார் மஞ்ச் முயன்றது. தேர்தலுக்கு முன்பே, 2017 ஜனவரியில் 'வைப்ரன்ட் குஜராத்' (துடிப்புமிகு குஜராத்) முதலீட்டாளர் மாநாடு நடந்த நாள்களில், அகமதாபாத் ரயில் நிலையத்தில் ராஜ்தானி விரைவு ரயிலை மறித்தார்கள். அந்த வழக்கிலிருந்து மேவானியும் உடனிருந்தவர்களும் 2024 ஜனவரியில் விடுவிக்கப்பட்டார்கள்.

2018 பிப்ரவரியில் நடந்தது இன்னும் வேதனையானது. பாட்டன் மாவட்டத்தின் தூத்கா கிராமத்துத் தலித் குடும்பம் ஒன்றுக்கு நிலத்தை முறைப்படுத்தித் தரும்படி நெடுநாள் கேட்டும் பலன் இல்லாததால், அவர்களுக்காகப் போராடிய தலித் செயற்பாட்டாளர் ஒருவர் பிப்ரவரி 15 அன்று பாட்டன் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் தீக்குளித்து, மறுநாள் உயிரிழந்தார். கோரிக்கைகளை அரசு ஏற்கும்வரை உடலை வாங்க மாட்டோம் என்று குடும்பம் உறுதியாக நின்றது. அகமதாபாத்தில் நடந்த போராட்டத்துக்குப் போகும் வழியில் மேவானி தடுத்துக் காவலில் வைக்கப்பட்டார். பின்னர் அரசு கோரிக்கைகளை ஏற்றது. ஒரு துண்டு நிலத்தின் காகிதம் நகர ஓர் உயிர் போக வேண்டியிருந்தது என்பதை எழுதும்போது இன்றும் கை நடுங்குகிறது.

ஆகவே, எவ்வளவு நிறைவேறியது? சில இடங்களில் அளந்து கொடுக்க அதிகாரிகள் இறங்கி வந்தார்கள். மாநிலம் தழுவிய தீர்வு வரவில்லை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் 5 ஏக்கர் என்ற பெரிய கோரிக்கை அப்படியே நிற்கிறது.

வட்காம் மக்களின் அன்றாடப் பிரச்சினை நிலமா, தண்ணீரா?

தொகுதியில் கேட்டால் தண்ணீர் என்பார்கள். வட குஜராத்தின் நிலத்தடி நீர் அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்ட பகுதி இது. பனாஸ்காண்டா பால் வளத்துக்குப் பேர் பெற்ற மாவட்டம். மாட்டுக்குத் தீவனப் பயிரும் வேண்டும், குடிக்கத் தண்ணீரும் வேண்டும். ஆழ்துளைக் கிணறுகள் ஆண்டுதோறும் கீழே போய்க்கொண்டே இருக்கின்றன. ஆழம் கூடக் கூட மோட்டாரின் குதிரைத்திறனும் கூட வேண்டும், கடனும் கூடுகிறது. தண்ணீர் வராத துளைக்கும் துளையிட்டவருக்குப் பணம் கொடுத்தாக வேண்டும்.

வட்காம் விவசாயிகளின் கோரிக்கை எளிமையானது. சரஸ்வதி ஆற்றின் குறுக்கே உள்ள முக்தேஷ்வர் அணையையும் கர்மாவத் ஏரியையும் நர்மதைத் தண்ணீரால் குழாய் வழியாக நிரப்புங்கள்; நிரம்பினால் சுற்றியுள்ள கிராமங்களின் கிணறுகளில் நீர் ஊறும். இது மேவானி உருவாக்கிய கோரிக்கை என்று சொல்லக் கூடாது, அவர் வருவதற்கு முன்பிருந்தே விவசாயிகள் கேட்டு வந்தது. 2022இல் அது பெரும் இயக்கமாகியது. கட்சி வேறுபாடின்றி விவசாயிகள் பேரணி சென்றார்கள், பெண்கள் பிரதமருக்கு அஞ்சலட்டைகள் எழுதினார்கள். தேர்தல் நெருங்கிய நேரத்தில் அரசு குழாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. இதற்கான பெருமை யாருக்கு என்பதில் பிரச்சார மேடைகளில் தகராறு நடந்தது. அவையிலும் தெருவிலும் அழுத்தம் கொடுத்தேன் என்றார் மேவானி; திட்டம் எங்களுடையது என்றது ஆளுங்கட்சி. அந்த அஞ்சலட்டைகளை எழுதிய பெண்களுக்கே முதல் பெருமை சேர வேண்டும் என்று நான் எண்ணுகிறேன்.

கொரோனாக் காலத்தில் என்ன செய்தார்?

2021 கோடையில் இரண்டாம் அலை வந்தபோது பனாஸ்காண்டா கிராமங்களுக்கு ஆக்சிஜன் எட்டாக்கனியாக இருந்தது. வட்காமில் ஆக்சிஜன் உற்பத்தி அமைப்பு ஒன்றை நிறுவ மேவானி பொதுமக்களிடம் நிதி திரட்டினார். நிதி சேர்ந்த அறக்கட்டளையின் வங்கிக் கணக்கு அறநிலைய ஆணையர் அலுவலக நடவடிக்கையால் முடக்கப்பட, விவகாரம் உயர் நீதிமன்றம் சென்றது. விதிமுறை மீறல் இருந்தால் விசாரிக்கலாம். மூச்சுக்கு மனிதர்கள் தவித்துக்கொண்டிருந்த வாரங்களில் கணக்கை முடக்கியதை என்னால் ஏற்க முடியவில்லை.

சட்டமன்றத்துக்குள் அவருடைய செயல்பாடு எப்படி?

வன்கொடுமை வழக்குகள், கழிவுநீர்த் தொட்டிகளில் நிகழும் மரணங்கள், ஒப்பந்தத் தொழிலாளர் ஊதியம், நில ஒப்படைப்பு ஆகியவற்றையே அவர் திரும்பத் திரும்ப எழுப்பினார். 2021 மார்ச்சில் பாவ்நகர் மாவட்டத்தின் சனோதர் கிராமத்தில் தலித் தகவல் உரிமை ஆர்வலர் ஒருவர் தம் வீட்டிலேயே கும்பலால் கொல்லப்பட்டார். அவர் முன்பே காவல்துறையிடம் பாதுகாப்புக் கேட்டிருந்தவர். பொறுப்பான காவல் உதவி ஆய்வாளர் ஏன் கைது செய்யப்படவில்லை என்று பதாகையுடன் எழுந்து நின்று மேவானி கேட்டதற்காக, அவரை அன்றைய அமர்விலிருந்து வெளியேற்றினார்கள். அவை ஒழுங்குக்குத் தனி மதிப்பு உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் கேட்ட கேள்விக்கு அவையில் பதில் கிடைத்திருந்தால் பதாகைக்குத் தேவை வந்திருக்காது.

2021இல் காங்கிரஸ் மேடையில் ஏறியும் கட்சியில் சேரவில்லை என்றாரே, அது ஏன்?

அரசியலமைப்பின் பத்தாவது அட்டவணை, அதாவது கட்சித் தாவல் தடைச் சட்டம்தான் காரணம். சுயேச்சையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் தேர்தலுக்குப் பின் எந்த அரசியல் கட்சியில் சேர்ந்தாலும் பதவி பறிபோகும். 2021 செப்டம்பர் 28 அன்று டெல்லியில் முன்னாள் மாணவர் தலைவர் கன்னையா குமார் காங்கிரஸில் சேர்ந்தபோது உடனிருந்த மேவானி, ஆதரவை மட்டும் அறிவித்துவிட்டு, அடுத்த தேர்தலில் அக்கட்சியின் சின்னத்தில் நிற்பேன் என்றார். 2022 ஜூலையில் குஜராத் காங்கிரஸின் செயல் தலைவர்களில் ஒருவராக நியமிக்கப்பட்டார்.

இயக்கத்திலிருந்து வந்தவர் பெரிய கட்சிக்குள் போனதில் மனம் நொந்தவர்கள் உண்டு. அவர்களுடைய வருத்தத்தில் நியாயம் இருக்கிறது: நில ஒதுக்கீடு காகிதத்தில் நின்றுபோனதில் காங்கிரஸ் ஆண்ட காலத்துக்கும் பங்கு உண்டு. எதிரணி வாக்குகள் பிரிந்தால் எவருக்கு லாபம் என்பது மேவானி தரப்பின் வாதம். இரண்டையும் வைத்துக்கொண்டு பார்த்தால், கட்சி மாறிய பிறகும் நிலக் கோரிக்கையைக் கைவிடாமல் பேசுகிறாரா என்பதை வைத்தே இதைத் தீர்மானிக்க வேண்டும், இதுவரை பேசுகிறார்.

கைதும் தண்டனையும் பெற்ற ஒருவர் மறுபடியும் எப்படிப் போட்டியிட முடிந்தது?

2022ஆம் ஆண்டு முழுவதும் அவருக்கு நீதிமன்றங்களில் கழிந்தது. ஏப்ரல் 20 இரவு, பிரதமரை விமர்சித்த ஒரு ட்விட்டர் பதிவுக்காக, பாலன்பூர் விருந்தினர் மாளிகையில் இருந்த அவரை அஸ்ஸாம் காவல்துறை கைது செய்து கோக்ராஜார் கொண்டு சென்றது. ஏப்ரல் 25 அன்று பிணை கிடைத்த உடனேயே, பெண் காவலரைத் தாக்கினார் என்ற புதிய வழக்கில் மீண்டும் கைதானார். பர்பேட்டா அமர்வு நீதிமன்றம் ஏப்ரல் 29 அன்று பிணை அளித்ததுடன், அந்த வழக்கு புனையப்பட்டது என்ற பொருளில் காவல்துறையைக் கடுமையாகக் கண்டித்தது. காவல்துறை பற்றிய பொதுவான கருத்துகளுக்குக் குவாஹாத்தி உயர் நீதிமன்றம் பிறகு தடை விதித்தது.

ஊர் திரும்பிய சில நாள்களில், மே 5 அன்று, 2017இல் அனுமதியின்றிப் பேரணி நடத்திய வழக்கில் மெஹ்சானா நீதிமன்றம் 3 மாதச் சிறைத்தண்டனை விதித்தது. தலித்துகளுக்கு ஒதுக்கிய நிலத்தை ஒப்படைக்கக் கோரி மெஹ்சானாவிலிருந்து தனேராவுக்குச் சென்ற பேரணி அது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டில் அவர் விடுவிக்கப்பட்டார். 2022 செப்டம்பரில் இன்னொரு தண்டனை, இந்த முறை 6 மாதம். குஜராத் பல்கலைக்கழகச் சட்டத்துறைக் கட்டடத்துக்கு அம்பேத்கர் பெயரைச் சூட்டக் கோரி 2016இல் நடந்த சாலை மறியலுக்காக. மேல்முறையீட்டுக்கு வசதியாகத் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 8ஆம் பிரிவின்படி, பொதுவான குற்றங்களில் 2 ஆண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தண்டனை கிடைத்தால்தான் பதவியும் போட்டியிடும் தகுதியும் போகும். மேவானியின் தண்டனைகள் அந்த வரம்புக்குக் கீழே இருந்தன. எந்தச் செயலுக்காக ஒருவருக்குத் தண்டனை கிடைத்தது என்பதை வாக்காளர் பார்க்க வேண்டும். பேரணிக்கும் சாலை மறியலுக்கும் கிடைத்த தண்டனையை வட்காம் மக்கள் களங்கமாகக் கருதவில்லை.

2022 தேர்தலில் வாக்கு வித்தியாசம் ஏன் இவ்வளவு குறைந்தது?

19,696 என்பது 4,928 ஆனது. மேவானிக்கு 94,765 வாக்குகள் கிடைத்தன, அதாவது 2017ஐ விடச் சில நூறு மட்டுமே குறைவு. எதிரில் நின்றவர் முன்னாள் காங்கிரஸ் உறுப்பினர் மணிலால் வாகேலா. கட்சி மாறி பாரதிய ஜனதா வேட்பாளராக வந்தவர், தொகுதியின் ஒவ்வொரு ஊரிலும் பழக்கமுள்ளவர். அவருக்கு 89,837 வாக்குகள். 2017இல் ஒதுங்கிய ஆம் ஆத்மி இந்த முறை நின்றது. அசதுத்தீன் ஒவைசியின் மஜ்லிஸ் கட்சியும் வேட்பாளரை நிறுத்தியது.

மாநில நிலவரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2017இல் 77 இடங்கள் பெற்ற காங்கிரஸ் 2022இல் 17ஆகச் சுருங்கியது. பாரதிய ஜனதா 156 இடங்கள் என்ற இதுவரை காணாத வெற்றியைப் பெற்றது. அந்த வெள்ளத்தில் நின்ற 17 பேரில் ஒருவராக இருந்தார் என்பதே அவருடைய ஐந்தாண்டு உழைப்புக்குக் கிடைத்த சான்று என்று கருதுகிறேன். அதே நேரத்தில், ஐந்தாண்டுகளில் தன்னுடைய வாக்குத் தளத்தை அவரால் விரிவாக்க முடியவில்லை என்பதும் இதே எண்களில் தெரிகிறது. முன்பு வாக்களித்தவர்கள் அநேகமாக அப்படியே இருந்தார்கள். புதியவர்கள் எதிர்ப்பக்கம் போனார்கள்.

அவர்மீது வைக்கப்படும் விமர்சனங்களில் எவை சரியானவை?

அகமதாபாத்துக்காரர், வெளியூர்க்காரர் என்ற குறை முதல் நாளிலிருந்து சொல்லப்படுகிறது. இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. தொகுதியை விட்டு டெல்லி, பெங்களூரு, மும்பை என்று கூட்டங்களுக்குப் போய்க்கொண்டே இருந்தார் என்ற குறையில் பொருள் இருக்கிறது. ஒரு கிராமத்தின் சாலைக்கும் பள்ளி ஆசிரியர் பணியிடத்துக்கும் வாராவாரம் விடாமல் பின்தொடர வேண்டும். அதை நாடறிந்த பேச்சாளரால் முழுமையாகச் செய்ய முடியாது. மறுதேர்தல் பிரச்சாரத்தில் அவர் தண்ணீரையும் ஊரக வேலை உறுதித் திட்டத்தையும் மருத்துவமனையையும் முன்னால் வைத்ததற்கு, இந்தக் குறையை உணர்ந்ததும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்று ஊகிக்கிறேன்.

இன்னொன்று, கடுமையான சொற்களைப் பயன்படுத்துகிறார் என்பது. காவல்துறையினரை நேருக்கு நேர் பேசும்போது அவர் குரல் உயர்கிறது, உண்மைதான். அடிநிலைக் காவலரும் பெரும்பாலும் ஏழை வீட்டுப் பிள்ளைதான் என்பதை அவரைப் போன்ற ஒருவர் மறக்கக் கூடாது.

இரண்டாவது பதவிக்காலத்தில் எவற்றுக்கு முன்னுரிமை?

நில ஒப்படைப்பும் முக்தேஷ்வர்–கர்மாவத் தண்ணீரும் தொடர்கின்றன. இவற்றுடன் மாநில அளவிலான பொறுப்புகளும் சேர்ந்திருக்கின்றன. 2024 மே 25 அன்று ராஜ்கோட்டில் விளையாட்டு அரங்கு ஒன்று தீப்பற்றிக் குழந்தைகள் உட்பட 27 பேர் உயிரிழந்தபோது, கீழ்நிலை அலுவலர்களோடு விசாரணை நின்றுவிடக் கூடாது, அனுமதியும் பாதுகாப்புச் சான்றும் இல்லாமல் அரங்கு நடக்க விட்ட உயரதிகாரிகளையும் விசாரிக்க வேண்டும் என்று கேட்டு, பாதிக்கப்பட்ட குடும்பங்களுடன் ராஜ்கோட்டில் உண்ணாவிரதம் இருந்தார். மதுவிலக்கு நடைமுறையில் உள்ள மாநிலத்தில் கள்ளச்சாராயமும் போதைப்பொருளும் கிராமங்களுக்குள் வருவதைப் பற்றியும் தொடர்ந்து பேசி வருகிறார்.

அடுத்த தேர்தலில் வட்காம் வாக்காளர் அவரிடமோ, எதிர்த்து நிற்பவரிடமோ எதைக் கேட்க வேண்டும்?

இப்போதைய அவையின் காலம் 2027 டிசம்பர் வாக்கில் முடிகிறது. யார் வாக்குக் கேட்டு வந்தாலும் ஊர்க்கணக்காகக் கேட்பது நல்லது. இந்தக் கிராமத்தில் எத்தனை குடும்பங்களுக்குச் சாந்தணி உத்தரவு இருக்கிறது, அவர்களில் எத்தனை பேர் தங்கள் நிலத்தில் இந்தப் பருவம் விதைத்தார்கள்? குழாய் வழியாக ஏரிக்கு எந்த மாதத்தில், எத்தனை நாள் தண்ணீர் வந்தது, சுற்றியுள்ள கிணறுகளில் நீர்மட்டம் எத்தனை அடி ஏறியது? வன்கொடுமை வழக்கு போட்டவர்களில் எத்தனை பேருக்கு அரசு நிவாரணம் வந்து சேர்ந்தது? நில அளவையர் கடைசியாக எந்தத் தேதியில் வந்தார், கல் நட்டாரா, நட்ட கல் மறுநாள் அங்கேயே இருந்ததா?